இந்தியச் சந்தை திறந்த பின்னும் மிளகுக்கு ஏன் இத்தனை நிபந்தனை?

கேள்வி: மாத்தளையில் மிளகு வாங்கி, உப்புவெளியில் அரைத்துப் பொதி செய்து தமிழ்நாட்டுக்கு அனுப்ப எண்ணியுள்ளேன். இந்தியா 1991இலேயே சந்தையைத் திறந்துவிட்டது, இலங்கைப் பொருளுக்குத் தீர்வை இல்லை என்கிறார்கள். மலிவான வியட்நாம் மிளகையும் சேர்த்து அரைத்தால் அந்தச் சலுகை கிடைக்குமா? (வாசகர், திருகோணமலை)

பதில்: கிடைக்காது. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய 1991இல், நரசிம்மராவ் அரசாங்கத்தின் நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங் தொடக்கிவைத்த சீர்திருத்தங்களால், 300 சதவீதத்தையும் தாண்டியிருந்த உச்ச இறக்குமதித் தீர்வை 1995 அளவில் 50 சதவீதமாக இறங்கியது உண்மைதான். ஆனால் அந்தத் தாராளம் தொழிற்சாலைப் பொருட்களுக்கே முதலில் வாய்த்தது. கேரள, கர்நாடக விவசாயிகளின் மிளகைத் தொட அரசாங்கங்கள் தயங்கின. பிற நாட்டு மிளகுக்கான பொதுத் தீர்வை 70 சதவீதமாகவே நின்றது.

1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, ஆண்டுக்கு 2,500 மெற்றிக் தொன் இலங்கை மிளகைத் தீர்வையின்றி அனுமதிக்கிறது. அவ்வளவு உயர்ந்த தீர்வைக்கும் பூச்சியத்துக்கும் உள்ள இடைவெளி சும்மா இருக்குமா? வியட்நாம் மிளகு இலங்கை மிளகென்ற பெயரில் போகிறது என்ற முறைப்பாடு எழவே, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை, அதாவது அதற்குக் கீழான விலையில் இறக்குமதி கூடாது என்ற விதியை, விதித்தது. கலப்படம் செய்தவர்களோடு செய்யாதவர்களையும் தண்டித்த நடவடிக்கை என்பதே என் கணிப்பு.

உங்கள் திட்டம் இடறுவது சுங்கக் குறியீட்டில், அதாவது பொருட்களை வகைப்படுத்தச் சுங்கம் இடும் எண்ணில். வெளிநாட்டு மூலப்பொருளைப் பயன்படுத்தியும் சலுகை பெற வேண்டுமானால், முடிவுப் பொருள் நான்கு இலக்கக் குறியீட்டில் அதிலிருந்து வேறுபட வேண்டும். ஏற்றுமதி விலையில் 35 சதவீதமேனும் உள்நாட்டுப் பெறுமதியாகவும் இருக்க வேண்டும். முழு மிளகும் மிளகுத் தூளும் ஒரே 0904இல்தான் வருகின்றன. எனவே எவ்வளவு மாவாக அரைத்தாலும் வியட்நாம் மிளகு இலங்கை மிளகாகாது. மாத்தளை மிளகுக்கோ இந்தச் சிக்கலே இல்லை, அது முழுவதும் இங்கே விளைந்தது. விவசாயியிடம் வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வர்த்தகத் திணைக்களத்தில் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் கேட்கும்போது அவை கைகொடுக்கும்.

அதே சீர்திருத்தம் திருகோணமலையில் உள்ள நம் சீனக்குடாவுக்கு வந்த விதம் வேறு. 2002 ஏப்ரலில் எரிபொருள் விலையை அரசாங்கமே நிர்ணயிக்கும் நிர்வாக விலை முறையை இந்தியா கைவிட்டது. அடுத்த ஆண்டே இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை இங்குள்ள எண்ணெய்க் குதங்களில் கால்பதித்தது. 2022 ஜனவரி உடன்பாட்டில் 99 குதங்களில் 61 இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்குச் சென்றன. அந்த நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தினுடையது. இந்திய முதலீடு வெளியே செல்லும் பாதை அகலமானது, நம் விளைபொருள் இந்தியாவுக்குள் செல்லும் வழிதான் ஒடுக்கம்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், அவ்வாண்டுக்கான 2,500 தொன் ஒதுக்கீட்டில் மிச்சம் உள்ளதா என்பதையும், குறைந்தபட்ச விலை விதி அப்போது எப்படி உள்ளது என்பதையும் சென்னை இறக்குமதியாளரிடம் எழுத்தில் பெறுங்கள். அந்த விலை கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்தே கணிக்கப்படுவது.