பதில்: ஓஹையோ மூதாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர்

வணக்கம். உங்கள் ஓஹையோ மூதாட்டி 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணவரோடு இருக்கிறார், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தெரியவில்லை, கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தார் என்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவலை விடாதீர்கள். விதவை ஓய்வூதியம் கேட்டவர் திருமணத்தை நிரூபித்தாக வேண்டும். அதனால் அந்தக் கோப்புகளில் திருமணச் சான்று, தெரிந்தவர்களின் வாக்குமூலம், சிலவற்றில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த தாளே இருக்கும். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அப்புறம் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) திருமணப் பதிவேட்டையும் பாருங்கள். 1860இல் அதே வீட்டில் வேறு குடும்பப்பெயரோடு வயதான பெண் யாராவது இருக்கிறாரா? அவர் உங்கள் மூதாட்டியின் தாயாக இருக்கலாம். ஆனால் கணக்கெடுப்பில் உறவுமுறையை 1880இல்தான் குறிக்கத் தொடங்கினார்கள், அதனால் 1860 பதிவு அதைச் சொல்லாது. கவுண்டி எது என்று சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.