டோனர் வாங்கப் போனால் மாடல் நம்பர் கேட்கிறார்களா?

கேள்வி: குமுளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோட்டயத்தில் பழைய எச்பி லேசர் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். முன்பக்கத்துப் பெயர் தேய்ந்துவிட்டது. அதில் போடும் மைத்தூளான டோனர் வாங்கக் கம்பத்துக்கு இறங்கினால் மாடல் நம்பர் கேட்கிறார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் 'பிஓஐஎஸ்பி' என்று தொடங்கும் எண்ணைச் சொன்னேன். அப்படி ஒரு மாடலே கிடையாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். நீங்கள் படித்தது 'ரெகுலேட்டரி மாடல் நம்பர்'. அரசு அனுமதிகளுக்காகக் கம்பெனி வைக்கும் எண் அது. ஒரே குடும்பத்துப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு ஒரே எண் இருக்கும். எப்சன், கேனன் ஸ்டிக்கர்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. எழுத்தும் எண்ணுமாகப் பெரிதாக அச்சிட்டிருப்பதால் எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது.

அதே ஸ்டிக்கரில் சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் 'பிராடக்ட் நம்பர்' இருக்கிறதா பாருங்கள். 'சிஇ849ஏ' என்று இருந்தால் உங்களுடையது லேசர்ஜெட் எம்1136. எழுத்து பொடியாக இருக்கும். பிரிண்டரைத் தூக்கிப் புரட்டாமல் போனைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். (இங்க் டேங்க் பிரிண்டர் என்றால் சாய்க்கவே சாய்க்காதீர்கள், மை கொட்டிவிடும்.)

கம்ப்யூட்டரில் தெரியும் பெயரை அப்படியே நம்பவேண்டாம். முன்னால் வைத்திருந்தவர் பெயரை மாற்றியிருக்கலாம், வேறு மாடலின் டிரைவர் மென்பொருளைப் போட்டு ஓட்டியிருக்கலாம். யுஎஸ்பியில் இணைத்துவிட்டு, விண்டோஸில் இணைத்த கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் அந்தப் பிரிண்டரின் 'ஹார்டுவேர் ஐடி'யைப் பாருங்கள். அது பிரிண்டரே சொல்லும் பெயர். ஆனால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் மாடல் தெரியாமலும் போகலாம்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது டோனர்தானே? அதற்கு மாடலைவிட, டோனர் அடைத்த பெட்டியான கார்ட்ரிட்ஜின் எண்தான் நேர்வழி. மூடியைத் திறந்து பழையதை உருவிப் பாருங்கள். 88ஏ என்றால் பி1007, பி1008, பி1106, பி1108, எம்1136 வகை. 12ஏ என்றால் 1020, எம்1005 வகை. ரீஃபில் செய்தவர்கள் ஒட்டிய லேபிளில் நாலைந்து எண்கள் சேர்ந்தே இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்றுவரை அந்தக் கார்ட்ரிட்ஜில் பிரிண்ட் வந்துகொண்டிருந்தால் அந்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கடைக்காரருக்குப் புரியும்.

எந்த எழுத்துமே இல்லையா? சரி, பழைய கார்ட்ரிட்ஜையே கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அதிலுள்ள டிரம் என்ற உருளையில் வெயிலும் வெளிச்சமும் படக்கூடாது என்பதால் கறுப்புக் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்தால் வேட்டியில் டோனர் தூள் படும், அப்புறம் வெந்நீர் ஊற்றித் துவைக்காதீர்கள். சூட்டில் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும். உதறிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் அலசினால் போதும்.