புதிய இணையத்தளம்: திறக்கும் முன் என்ன, திறந்த பின் என்ன?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மணவறை, குத்துவிளக்கு, நிறைகுடச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கிறோம். சிங்களக் கலியாணங்களுக்குப் போருவ என்ற மணமேடையும் உண்டு. டொட் கொம் முகவரியில் பழைய இணையத்தளம் ஒன்று இருக்கிறது. இப்போது டொட் எல்கே முகவரியில், மூன்று மொழிகளிலும் புதிதாகச் செய்கிறோம். ஆவணிக்கு முன் திறக்க ஆசை. செய்து தரும் தம்பி, "எஸ்ஈஓ (தேடலில் தளம் முன்னால் வரச் செய்யும் வேலை) எல்லாம் திறந்த பிறகு பார்க்கலாம் அண்ணா" என்கிறார். இன்னொரு நிறுவனம் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கூகுளில் முதலிடம் உத்தரவாதம் என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. கட்டுரைகள் எழுதுவது, படங்களுக்கு விவரம் சேர்ப்பது, வாடிக்கையாளரிடம் மதிப்புரை கேட்பது எல்லாம் பிறகு செய்யக்கூடியவை. ஆனால் பக்கங்களின் முகவரிகள், மூன்று மொழிகளும் பிரிந்து நிற்கும் விதம், பழைய தளத்திலிருந்து புதியதற்குப் போகும் வழி ஆகியவற்றைத் திறந்த பிறகு மாற்றினால், கூகுள் அதுவரை படித்து வைத்ததெல்லாம் குழம்பும். இவற்றை இப்போதே முடிவு செய்யுங்கள்.

முதலில் பழைய தளம். அதைப் பலர் குப்பை என்று நினைத்து, புதியது வந்த அன்றே மூடிவிடுகிறார்கள். படம்பிடிப்பாளர்களும் மண்டபக்காரரும் தங்கள் பக்கங்களில் உங்களுக்கு லிங்க் கொடுத்திருந்தால் அது அந்த முகவரிக்குத்தான். கூகுளுக்கு உங்களைத் தெரியும் என்றால் அதுவும் அந்த முகவரியால்தான். ஒரு எக்செல் தாளில் இடது பக்கம் பழைய பக்கங்களின் முகவரிகளை எல்லாம் எழுதுங்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான புதிய பக்கத்தை எழுதுங்கள். அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்து, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 வகை வழிமாற்று ஒவ்வொன்றுக்கும் போடச் சொல்லுங்கள். நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்பதே 301க்குப் பொருள். சிலர் தாற்காலிக மாற்றமான 302 போட்டுவிட்டுப் போவார்கள்; கேட்டு உறுதி செய்யுங்கள். எல்லாப் பழைய பக்கங்களையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவதும் வேண்டாம். மணவறைப் பக்கத்தைத் தேடி வந்தவர் முகப்பில் இறங்கினால் அவருக்கும் பயனில்லை, கூகுளும் அதை இல்லாத பக்கம் போலவே கணக்கில் எடுக்கும்.

வழிமாற்று குறைந்தது ஒரு வருடமாவது இருக்கவேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்வேன்: டொட் கொம் பெயரைக் கைவிடவே வேண்டாம், வருடாவருடம் புதுப்பியுங்கள். நீங்கள் விட்ட பெயரை வேறு யாராவது எடுத்துச் சூதாட்டத் தளம் வைத்தால், உங்கள் பழைய விசிட்டிங் கார்டு எல்லாம் அங்கேதான் ஆட்களை அனுப்பும்.

டொட் எல்கே நல்ல தெரிவு. இந்தத் தளம் இலங்கைக்குரியது என்று கூகுளுக்கு அது தெளிவாகச் சொல்லும். பெயரை மட்டும் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள், தம்பியின் கணக்கில் வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம். அடுத்த வருடம் கனடா போய்விட்டால்?

அப்புறம் பக்க முகவரிகள். தமிழிலேயே முகவரி வைக்கலாம், கூகுள் படிக்கும். ஆனால் அதைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் போடும்போது பெரும்பாலும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். 'மணவறை' என்ற சின்னச் சொல்லே ஒரு முழ நீளத்துக்கு வரும், பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயப்படுவார். முகவரியில் உள்ள சொற்களால் தேடலில் கிடைக்கும் பலன் மிகச் சிறிது. ஆகவே ஆங்கில எழுத்தில் குட்டையாக வையுங்கள், தமிழைப் பக்கத்துக்குள் வையுங்கள்.

மூன்று மொழி விஷயத்தில்தான் கொழும்புத் தளங்கள் அதிகம் சறுக்குகின்றன. மேலே ஒரு பொத்தான், அதை அழுத்தினால் அதே முகவரியில் எழுத்து மட்டும் மாறும்: இப்படிச் செய்தால் கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும். தளங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரல் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி முகவரி வேண்டும். இது இன்னதன் தமிழ்ப் பக்கம், இது சிங்களம், இது ஆங்கிலம் என்று ஒன்றையொன்று காட்டும் ஹெச்ரெஃப்லாங் குறிகளும் வேண்டும். அதில் தமிழுக்கு டி-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ. சிங்களம்தானே என்று எஸ்-எல் போடுகிறார்கள். அது ஸ்லோவேனிய மொழியின் குறி. வருபவர் இருக்கும் நாட்டைப் பார்த்துத் தானாக மொழி மாற்றும் வசதியும் வேண்டாம். கூகுளின் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால், அதற்கு ஆங்கிலப் பக்கம் மட்டுமே கிடைக்கும்.

சிங்களப் பக்கம் தமிழ்ப் பக்கத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை. சிங்கள வாடிக்கையாளர் போருவவைத்தான் தேடுவார், உங்கள் மணவறைப் பக்கத்தைச் சிங்களத்தில் கொடுத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சிங்களத்தில் போருவவுக்கு முழுமையான ஒரு பக்கம், தமிழில் மணவறைக்கு ஒரு பக்கம் என்று தொடங்குங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் மூன்று மொழியிலும் அறுபது பக்கம் நிரப்புவதைவிட, ஆள் எழுதிய ஆறு பக்கம் மேல்.

இனி எழுத்து. உங்கள் பழைய துண்டுப் பிரசுரங்களை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துத் தளத்தில் ஒட்டி, பாமினி எழுத்துருவையும் ஏற்றிவிட்டால் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்! கூகுளுக்கு அது வெறும் கிறுக்கல். சோதிப்பது சுலபம்: தளத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது எல்லாக் கருவிகளும் படிக்கும் யுனிகோட், கவலை இல்லை. ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி, கையால் திருத்துங்கள். பிரதி எடுக்கவே வராவிட்டால் அது படம். போஸ்டர் வடிவில் சேவைகளையும் தொலைபேசி எண்ணையும் படத்துக்குள் எழுதி வைப்பது நம் ஊரில் பெரிய பழக்கம். படம் இருக்கட்டும், அதில் உள்ளதைக் கீழே எழுத்திலும் கொடுங்கள்.

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு. உலாவியின் தாவலில் 'ஹோம்' என்று மட்டும் வரும் தளங்கள் இன்னும் உண்டு. 'மணவறை வாடகைக்கு, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13' என்று போட்டு, கடையின் பெயரைக் கடைசியில் சேருங்கள். நீங்கள் 'பூப்புனித நீராட்டு விழா' என்று எழுதியிருப்பீர்கள். தேடுகிற அம்மா 'சாமத்திய வீடு' என்று அடிப்பார். இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் வாடகையையும் போடுங்கள், குறைந்தது எத்தனை ரூபாயிலிருந்து என்றாவது. 'விலைக்கு அழைக்கவும்' என்பதைப் பார்த்து அழைப்பவர்களைவிட அடுத்த கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பழைய முறையில் குறிச்சொற்களை வரிசையாக மறைத்து வைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியை மட்டும் மறந்துவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

படங்கள்: கலியாணப் படம்பிடிப்பாளர் தந்த பெரிய கோப்புகளை அப்படியே ஏற்ற வேண்டாம். சுருக்கி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதை உங்கள் கைத்தொலைபேசியில், மொபைல் டேட்டாவில் பாருங்கள், தம்பியின் வைஃபையில் அல்ல. கூகுள் படிப்பதும் கைத்தொலைபேசிக்குரிய வடிவத்தைத்தான்.

திறக்கும் நாளில் பார்க்கவேண்டியதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வேலை நடக்கும்போது கூகுள் எட்டிப் பார்க்காமலிருக்கத் தளத்துக்கு ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்தது என்றால் அதன் ரீடிங் அமைப்புகளில் தேடுபொறிகளைத் தடுக்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதில் சரிக்குறி இருந்தபடியே தளம் திறந்தால், மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது, தளமோ பார்ப்பதற்கு நன்றாகவே வேலை செய்யும். பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மூல நிரலில், தேடலில் சேர்க்காதே என்று பொருள்படும் 'நோஇன்டெக்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்றும் தேடுங்கள். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் முழுத் தளத்தையும் மறிக்கும் வரி இருக்கிறதா என்று தம்பியைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் தேடலில் வந்து நிற்கும்.

உங்கள் தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி சேர்ச் கொன்சோல். அதன் கணக்கை உங்கள் ஜிமெயிலிலேயே தொடங்குங்கள், அது இலவசம். பழைய, புதிய இரண்டு முகவரிகளையும் அதில் சேர்த்து, எல்லாப் பக்க முகவரிகளின் பட்டியலான தளவரைபடத்தைக் கொடுத்து, முகவரி மாற்றத்தையும் அங்கேயே அறிவிக்கலாம். கூகுள் மேப்பில் கடை இருந்தால் அதன் இணைப்பையும் அன்றே மாற்றுங்கள். அருகில் எங்கே கிடைக்கும் என்று தேடுபவருக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த வரைபடம்தான்.

ஆவணி பற்றி: நாள் வைத்தவர்கள் மணவறையை முன்கூட்டியே பேசிவிடுவார்கள். புதிய முகவரியைக் கூகுள் முழுமையாக ஏற்கச் சில வாரங்கள், சிலவேளை சில மாதங்கள் பிடிக்கும். ஆடியில் திறந்தால் தை மாதத்துக் கலியாணங்களை மனதில் வைத்துத் திறங்கள். இந்த ஆவணியை வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தம்பிக்குக் கொடுக்கவேண்டிய கடைசித் தவணையை மட்டும் திறந்து இரண்டு வாரம் கழித்துக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். அதற்குள் சேர்ச் கொன்சோலில் '404', அதாவது பக்கம் இல்லை, என்று பழைய முகவரிகள் சில தலைகாட்டும். அவற்றுக்கும் அவரே வழிமாற்றுப் போட்டுத் தரவேண்டும்.