இரண்டாங்கட்டுக்கு எட்டாத வைஃபை: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: நெட் இருக்கிறது, ஆனால் வேண்டிய அறைக்கு வரவில்லை. மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக லேன் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீடு. முகப்பில் ஃபைபர் மோடம் இருக்கிறது. மருமகள் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவளுக்கு நடுமுற்றமான வளவுக்குப் பின்னால், இரண்டாங்கட்டில்தான் அறை ஒதுக்க முடிந்தது. சிக்னல் வரவில்லை என்று வளவில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டினோம். இப்போது போனில் கோடு முழுசாகத் தெரிகிறது. ஆனால் மீட்டிங்கில் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. இன்னும் பெரிய ரிப்பீட்டர் வாங்கலாமா? ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், எதையும் உடைக்க மனசில்லை.
ஒரு வாசகி, காரைக்குடி

பெரிய ரிப்பீட்டர் வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்கு நல்ல கேபிள் வாங்கிவிடலாம்.

போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்திலிருக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். அந்த ரிப்பீட்டர் முகப்பு மோடத்தோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டாது. உங்கள் வீட்டில் கோளாறு அங்கேதான். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புகிறது. வாங்குகிற நேரத்தில் கொடுக்க முடியாது. ஆகவே வந்து சேருகிற வேகமே அரைகுறை என்றால், அதிலும் பாதிதான் மருமகளுக்குப் போகும். ஃபைலை டவுன்லோடு செய்தால் மெதுவாகவாவது வந்துவிடும். பேச்சு அப்படிக் காத்திருக்காது, அறுந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விடப் பலவீனம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வருவதற்குள் எத்தனை சுவர்! அதைத் தள்ளிக்கொண்டு வர எந்தப் பெட்டியாலும் முடியாது. ஒயர் அந்தச் சுவர்களைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மோடத்திலிருந்து மருமகளின் அறை வாசல் வரை ஒரு லேன் கேபிள், அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி. தேவை அவ்வளவுதான். வைஃபை கடக்க வேண்டிய தூரம் அந்த அறைக்குள் பத்தடி மட்டும்.

உடைக்கவும் வேண்டியதில்லை. தேவகோட்டைப் பக்கம் இதேபோல ஒரு வீட்டில் வேலை செய்தேன். தளத்தையும் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை. முகப்பிலிருந்து வளவுக்கு வரும் வாசல் நிலைக்கு மேலே, பழைய கரண்ட் ஒயருக்குப் போட்ட ஓட்டை ஒன்று சும்மா கிடந்தது. அதன் வழியாக உள்ளே விட்டு, வளவைச் சுற்றி ஓடும் தாழ்வார உத்தரத்தின் உள்பக்கமாகவே கொண்டுபோனேன். கீழே நின்று பார்த்தால் கேபிள் கண்ணில் படாது. மொத்தம் 130 அடி வந்தது. லேன் கேபிளுக்கு 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய 328 அடி வரை கணக்கு. உங்கள் வீட்டுக்கு இழுக்கும் கேபிள் அதற்குள் அடங்கினால் கவலை இல்லை. வளவின் திறந்த பக்கம் வெயிலும் சாரலும் படுமானால் அந்த இடத்துக்குக் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் கேளுங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் கேபிளை வெயிலில் விட்டால் உறை வெடித்துவிடும்.

கேபிள் வாங்கும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். 'கேட் 6' என்ற தரத்தை அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு விலை குறைவாகக் கிடைக்கிறது. கடையில் ஒரு முழத் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு கம்பியை உரித்து பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் தெரிந்தால் அசல். வெள்ளை மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கம்பி நாலைந்து தடவை வளைத்தாலே ஒடியும். அதில் கரண்டையும் அனுப்பினால் சூடாகும்.

கரண்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆக்சஸ் பாயிண்ட் வாங்கும்போது 'பிஓஇ' உள்ளதாக வாங்குங்கள். நெட், மின்சாரம் இரண்டும் அந்த ஒரே லேன் கேபிளில் போகும். 2003-இலேயே வந்த முறை இது. அந்த முதல் தரத்தில் ஒரு கேபிளில் 15.4 வாட் வரை அனுப்பலாம், சின்ன ஆக்சஸ் பாயிண்டுக்கு அது தாராளம். தாழ்வாரத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை. முகப்பில் மோடத்துக்கும் பிஓஇ அடாப்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டால், கரண்ட் போனாலும் மருமகளின் மீட்டிங் நிற்காது.

ரிப்பீட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். சும்மா ஓடினாலும் அலைவரிசையை அடைத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று கிடக்கிறது அண்ணா. மாடிக்கு ஒயர் இழுத்து அதையே வைக்கலாமா? ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். மாடியில் நெட் வந்தது, ஆனால் கீழே உள்ள பிரிண்டர் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயும் நெட் போய்விட்டது.
கல்லூரி மாணவர், திருப்பூர்

தாராளமாக வைக்கலாம் தம்பி. கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ரவுட்டரின் வான் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் வாங்கும் துளை) செருகினால் மாடி தனி வீடாகிவிடும், கீழே உள்ள பிரிண்டர் தெரியாது. அப்படியே எடுத்து லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகினால், கீழே மோடம் கருவிகளுக்குக் கதவு எண், அதாவது ஐபி முகவரி, கொடுத்துக்கொண்டிருக்கும்போது மேலே ரவுட்டரும் கொடுக்கத் தொடங்கும். ஒரே எண் இரண்டு பேருக்குப் போகும். சிலர் எந்த வழியாக வெளியே போவது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

பழைய ரவுட்டரைக் கீழே கொண்டுவந்து, மோடத்தோடு சேர்க்காமல் கம்ப்யூட்டரில் மட்டும் மாட்டுங்கள். முதலில் அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். மோடம் எந்த எண்ணிலிருந்து பங்கிடத் தொடங்குகிறது என்று பார்த்து, அந்த வரிசைக்கு வெளியே இருக்கட்டும். மாற்றியதும் அது உங்களைத் துண்டிக்கும், பயப்படாதீர்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய், எண் பங்கிடும் 'டிஎச்சிபி' என்பதை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ளதைப் போலவே வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மாடிக்குக் கொண்டுபோய், கேபிளை லேன் போர்ட்டில் செருக வேண்டும். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும். மெனுவில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' என்று ஒரு வரி இருந்தால் இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும். அப்போது எந்தப் போர்ட் என்பதையும் அதுவே சொல்லும்.

ஒன்று மட்டும் பாருங்கள். பல பழைய ரவுட்டர்களில் போர்ட்டே 100 எம்பிதான். வீட்டில் 300 எம்பி பிளான் போட்டிருந்தால் மாடிக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும். படிப்புக்கு அது போதும்.

200 எம்பி பிளான். கேட் 6 கேபிள் இழுத்து, புது ஆக்சஸ் பாயிண்ட் போட்டேன். மோடம் பக்கத்தில் 200 வருகிறது. மாடியில் 94-ஐத் தாண்டவில்லை. கேபிள் மோசமா?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

94 என்ற அந்த எண்ணே பதில் சொல்லிவிட்டது. லைன் 100 எம்பிக்கு இறங்கிவிட்டது. கேபிளைக் குற்றம் சொல்லும் முன் முனையைப் பாருங்கள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரம் எம்பிக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் பெரும்பாலும் லைன் அறாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்கு மாதக்கணக்கில் தெரியாது.

கனெக்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கிளிப் கீழ்ப்பக்கமும் கேபிள் உங்கள் பக்கமும் இருக்கும்படி பாருங்கள். இடமிருந்து வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டுக் கம்பியின் நுனியும் கண்ணாடி போன்ற முன்சுவரைத் தொட்டு நிற்க வேண்டும். நான் பார்த்தவரை பின்தங்குவது ஓரத்தில் இருக்கும் பழுப்பு. உள்ளே தள்ளும்போது ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு நழுவிவிடும், கிரிம்ப் செய்யும்போது, அதாவது இடுக்கியால் அழுத்தும்போது, தகடு கடிக்க அங்கே கம்பி இருக்காது. சாம்பல் உறையும் கனெக்டருக்குள் நுழைந்து கடிபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுபடுகிற பாரம் முழுவதும் அந்த எட்டுக் கம்பிகள் மேல் விழும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். ஒன்றின் இரைச்சல் அடுத்ததில் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான்.

2001-இல் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நாங்கள் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம், ஆளுக்கு இரண்டு ஜோடி. அன்றைக்கு அது ஓடியது. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சிலர் பழைய கட்டடங்களில் அப்படிச் செய்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் கனெக்டரில் நான்கு கம்பிகள் மட்டும் தெரிந்தால், யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து, எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று டெஸ்டரில் பாருங்கள்.

மாடிக்கு ஏறினாலும் என் போன் கீழ்த்தள வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான் ஐயா. கீழ்ச்சிக்னல் கொஞ்சம் எட்டினாலும் அது விடாது. கீழ் மோடத்தின் அமைப்பில் 2.4-க்கான அனுப்பும் சக்தியை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். மாடிக்குப் போவதற்குள் சிக்னல் மெலிந்து, போன் தானே மேலுள்ளதைத் தேடும். 2.4-இல் சானலைக் கீழே 1, மேலே 6 என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 6-இல் இருந்தால் மேலே 11 வையுங்கள். ஒன்றோடொன்று மோதாதவை அந்த மூன்றும்தான்.

தம்பி வீடு தோப்பைத் தாண்டி 200 அடியில் இருக்கிறது. மரத்துக்கு மரம் லேன் கேபிள் கட்டிக் கொண்டுபோகலாமா?
ஒரு விவசாயி, பொள்ளாச்சி

தூரம் சரி, ஆனால் செய்யாதீர்கள். செம்புக் கம்பி வெளியே தொங்கினால் பக்கத்தில் இடி விழுந்தால் போதும், இரண்டு வீட்டு மோடமும் டிவியும் சேர்ந்து போகும். ஒரே மழையில் மூன்று பெட்டிகள் கருகிய வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த இடத்துக்கு ஃபைபர் போடுங்கள். இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர், ஏ ஒன்று பி ஒன்று என ஜோடியாக வாங்க வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் தொங்கவிடும் ஃபைபரோடு பாரம் தாங்க ஓர் இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். அதை வெளியே கொக்கியில் கட்டி அங்கேயே வெட்டிவிடுங்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அணில் கடிக்கும் இடங்களில் பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

தஞ்சாவூரில் வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் பூச்சு வேலை. நெட்டுக்கு இப்போது என்ன செய்து வைக்க வேண்டும்? எலக்ட்ரீஷியன், 'இப்பல்லாம் வைஃபைதானே, ஒயர் எதுக்கு?' என்கிறார்.
ஒரு வாசகி, தஞ்சாவூர்

அவர் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள் அம்மா. பூச்சுக்கு முன்னால் ஒரு பைப் பதிப்பது அரைநாள் வேலை. பூசி வண்ணம் அடித்த பிறகு அதே வேலைக்குச் சுவரைக் கீற வேண்டும்.

ஃபைபர் தெருவிலிருந்து எங்கே நுழையும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து டிவி சுவருக்கு ஒன்று, படிக்கும் அறைக்கு ஒன்று, மாடி ஹாலின் கூரைக்கு ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று என 25 மில்லிமீட்டர் பைப் தனித்தனியாகப் போகட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் லேன் கேபிளைச் சேர்க்கவே கூடாது. அருகருகே ஓட வேண்டியிருந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும். திருப்பங்களில் எல்போ போடாமல் நீண்ட வளைவாக வளைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேபிள் நுழையாது. ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிறு விட்டு இரு முனையையும் பெட்டியில் கட்டி வையுங்கள். கேபிளை இன்றைக்கே வாங்க வேண்டும் என்பதில்லை. வாங்கும்போது கேட் 6 செம்பு போதும்.

பெட்டிகளின் வாயைப் பழைய செய்தித்தாளால் அடைத்துவிடுங்கள், சிமெண்டு உள்ளே போகாது. பூச்சுக்கு முந்தின நாள் மாலை, ஒவ்வொரு சுவரிலும் பைப் போகும் வழியில் அளவு டேப்பைத் தரையிலிருந்து பிடித்தபடி போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.