சென்சிடிவ் என்றால் குறையா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனைப் பற்றி, பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை ‘ஹீ இஸ் வெரி சென்சிடிவ்’ என்றார். விவரமான பையன் என்று பாராட்டுகிறார் என நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என் மைத்துனரோ, ‘அதற்கு சென்சிபிள் என்பார்கள், இது குறை’ என்கிறார். எது சரி?
– வாசகர், நாமக்கல்

பதில்: மைத்துனர் சொன்னதில் பாதிதான் சரி. இரண்டும் வேறு சொற்கள், ஆனால் குறை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

சென்சிபிள் என்றால் யோசித்து, நிதானமாக நடப்பவர். கையில் இருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரி செலவு செய்கிற ஆள். சென்சிடிவ் என்பது மனசு சம்பந்தப்பட்டது, சின்னச் சொல்கூட, ஒரு முகச்சுளிப்புகூட அவர்களைச் சட்டென்று தொட்டுவிடும். இதில்தான் இரண்டு பக்கம் இருக்கிறது. அடுத்தவர் மனநிலையைச் சொல்லி ‘சென்சிடிவ் டு’ என்றால் பாராட்டு: பக்கத்துப் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை முதலில் கவனிக்கிறவன். ‘சென்சிடிவ் அபௌட்’ என்றால் பெரும்பாலும் தன் உயரம், தன் மார்க் என்று யாராவது பேச்செடுத்தாலே சுருங்கிப்போகிறவன். வெறுமனே சென்சிடிவ் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை, இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் நிதானமான அக்கா எலினார்தான் ‘சென்ஸ்’, உணர்ச்சிவசப்படும் தங்கை மரியான்தான் ‘சென்சிபிலிட்டி’. (அந்தக் கதையைத் தழுவித்தான் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வந்தது, அக்காவாகத் தபு, தங்கையாக ஐஸ்வர்யா ராய்.) அதாவது சென்சிபிள் பக்கத்தில் நிற்க வேண்டியதுபோல் தெரிகிற ‘சென்சிபிலிட்டி’ என்ற சொல், பொருளில் சென்சிடிவ் பக்கம் நிற்கிறது. எதிர்ச்சொல்லிலும் இதே சிக்கல்தான். அடுத்தவர் மனம் நோகுமே என்று நினைக்காதவர் இன்சென்சிடிவ், ஆனால் இன்சென்சிபிள் என்றால் முட்டாள் இல்லை, நினைவு தப்பிக் கிடப்பவர்.

சரி, இப்போது என்ன செய்வது? ஆசிரியையை மறுபடி பாருங்கள், எந்தச் சம்பவத்தை வைத்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். யாராவது கேலி செய்து அவன் அழுதிருந்தால் அது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை, தயவுசெய்து அவன் காதுபட வீட்டில் யாரும் இதைக் குறையாகப் பேசாதீர்கள், மைத்துனரிடமும் சொல்லிவிடுங்கள்.