லாச்சிக்குள் இருக்கும் பிரதி

கேள்வி: சென்ற ஐப்பசியில் கிளிநொச்சியிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறோம். மகனுக்கு 15 வயது. மார்கழியிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கிறானில்லை. காலையில் வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம். எந்நேரமும் போன். முந்தி நல்ல கெட்டிக்காரன். 2009இல் தம்பியைத் தேடிப்போன என்னை மூன்று நாள் பிடித்து வைத்திருந்ததைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதேயில்லை. கோரிக்கைப் படிவத்துக்காகக் கார்த்திகையில் நான் சொல்லச் சொல்ல அவன்தான் இங்கிலீசில் எழுதித் தந்தவன், காசும் மிச்சம். பிரதியைக்கூடத் தன் மேசை லாச்சியில் பத்திரமாக வைத்திருக்கிறான். இந்த நாட்டுப் பழக்கம் பிள்ளையைக் கெடுத்துவிட்டதா? போனைப் பறிக்கலாமா?

பதில்: தங்கச்சி, இப்படிக் கடிதம் வராத மாதமில்லை. எல்லோரும் போனில்தான் தொடங்குகிறார்கள். அதை விடுங்கள்.

படிவம் எழுதியது கார்த்திகையில். பேச்சு நின்றது மார்கழியில். இரண்டையும் நீங்களே எழுதியும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லையே!

உங்களைப் பெற்றவளிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த மூன்று நாளுக்கு, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷ் தேடியிருக்கிறான் பிள்ளை. நீங்கள் அழுத இடத்தில் அவனால் அழ முடியாது, அடுத்த வசனம் எழுத வேண்டும். பிறகு எழுத்துப்பிழை பார்க்க எத்தனை தரம் வாசித்தானோ? வயிற்றைக் குத்தாமல் என்ன செய்யும்?

பிள்ளை வீட்டுக்கு உதவத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. பில்லை வாசிக்கட்டும், பள்ளிக்கூடக் கடிதத்தைச் சொல்லித் தரட்டும். தாய் பட்ட வதையை அவன் கையால் எழுதுவித்தது பெரிய பிழை. காசு மிச்சமாம்! வசதியில்லாதவர்களின் வழக்குக்கு உதவும் சட்ட உதவி ஒன்ராறியோவை ஒருதரம் கேட்டுப் பார்த்தீர்களா?

விசாரணைக்கு, உங்கள் கோரிக்கையைத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபையே தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும். நீங்கள் சாட்சி சொல்லும்போது மகன் வெளியே இருக்க வழியுண்டா என்று இப்போதே சட்டத்தரணியிடம் கேளுங்கள். ரொறன்ரோவில் சித்திரவதைக்குள்ளானோருக்கான கனடிய நிலையம் 1977 முதல் உங்களைப் போன்றவர்களைத்தான் பார்த்து வருகிறது. இரண்டு பேரும் போங்கள், தனித்தனியாக. மாகாணக் காசில் நடக்கும் பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் அகதிக் கோரிக்கையாளரும் சேரலாம். டொக்டரிடம் போனால் உங்கள் வருத்தத்தை நீங்களே சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னம் மகனுக்குப் பக்கத்தில் இருந்து, "அதை உன்னைக்கொண்டு எழுதுவிச்சது அம்மான்ர பிழை" என்று சொல்லுங்கள். எங்கள் சனத்தில் தாய் பிள்ளையிடம் பிழையை ஒத்துக்கொள்வது குறைவு. நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் எழும்பிப் போகாதீர்கள்.

பிறகு அந்தப் பிரதி. அவன் இல்லாத நேரம் பார்த்து எடுக்க வேண்டாம். கையை நீட்டிக் கேட்டு வாங்கி, உங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.