மியூனிக் டுங்கெல் சப்பென்று இருந்ததா? குளிர் தணிய விட்டுக் குடித்துப் பாருங்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மாநிற பீரான டுங்கெல் பாட்டிலை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து அப்படியே குடித்ததாகவும், நிறம்தான் கறுப்பு, காபி வாசனையே இல்லை, ஏமாந்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். பீர் மேல் தப்பில்லை. குளிர்ச்சிதான் அதிகம்.

சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும், வாசனையும் எழாது. வெளியே எடுத்து இருபது நிமிடம் வையுங்கள். 8 முதல் 10 டிகிரி போதும். அப்புறம் கண்ணாடிக் குவளையில், நுரை இரண்டு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். குடிப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள்: அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேல்தோல் வாசம்.

காபியை அதில் தேடாதீர்கள். அது கருக வறுத்த தானியத்தால் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு வரும் சுவை. டுங்கெலுக்கு ஆதாரம் மியூனிக் மால்ட் என்ற முளைகட்டிய பார்லி. நல்ல சூட்டில் உலர்த்துவார்கள், கருகவிட மாட்டார்கள். மால்ட் கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்க்கும் பழைய முறையும் அந்த ரொட்டிச் சுவையைக் கூட்டும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் வேலை, இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. 1894-இல் ஸ்பாட்டன் என்ற மியூனிக் பீர் ஆலை தன் வெளிர்நிற ஹெல்லெஸ் பீரைக் கொண்டுவருவதற்கு முன் மியூனிக்காரர்களின் அன்றாட பீர் இந்த மாநிற பீர்தான்.

எனக்குப் பிடித்தது அயிங்கர் ஆல்ட்பைரிஷ் டுங்கெல். மொறுமொறு தோலோடு வறுத்த பன்றி இறைச்சி கிடைத்தால் அதோடு குடியுங்கள், அவசரப்படாமல்.